ஆய்வுக்கூடத்தில் ஓவியருக்கும் ஓர் இடம்

செடிகொடிகளுக்கு அறிவியல் பெயர் சூட்டும் உரிமை அறிஞர்களிடமே இருந்து வந்துள்ளது. அவர்கள் தங்கள் ஆசிரியர்களின் பெயரை வைத்தார்கள். ஆளுநர்களின் பெயரை வைத்தார்கள். பண உதவி செய்த பிரபுக்களின் பெயரையும் வைத்தார்கள். ஆனால், 1853ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்த தாவரவியல் நூல் ஒன்றில், ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் ‘கோவிந்தூயா’ என்ற பெயர் காணப்பட்டது. அந்தக் கோவிந்து ஆளுநரும் அல்லர், அறிஞரும் அல்லர். சம்பளத்துக்குப் படம் வரைந்த ஓவியர்.

அப்பெயரைச் சூட்டியவர் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்காக 1819ஆம் ஆண்டு தமிழகம் வந்த அவர், நோயாளிகளைக் கவனித்த நேரத்தைவிடச் செடிகளைக் கவனித்த நேரமே அதிகம் என்று சொல்லத் தோன்றும். நாகப்பட்டினம், பாளையங்கோட்டை, கோயம்புத்தூர் எனப் பல ஊர்களில் பணிபுரிந்தார். அவருக்குப் படம் வரைந்தவர்கள் இருவர். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. வைட் வெளியிட்ட ஆறு தொகுதிகள் கொண்ட நூலில் மட்டும் 2000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் ஏராளமானவை இவ்விரு ஓவியர்களின் கைவண்ணத்தில் உருவானவை.

இந்தக் கூட்டுப்பணி எப்படி நடந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். நிழற்படக் கருவி புழக்கத்துக்கு வராத காலம் அது. செடியைப் பறித்து வந்தால் சில மணி நேரத்தில் வாடிவிடும். வாடுவதற்குள் இலையின் விளிம்பில் பல் உண்டா, காம்பில் மயிர் உண்டா, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படிப் படிந்துள்ளன என்பதையெல்லாம் வரைந்தாக வேண்டும். பின்னர்ப் பூவைப் பிளந்து, உருப்பெருக்கி வழியே தெரியும் மகரந்தத்தாளையும் சூலகத்தையும் தனித்தனியே வரைய வேண்டும். ஒரு கோடு தவறினாலும் செடி வேறு செடியாகிவிடும். அழகாக வரையத் தெரிந்தால் மட்டும் இந்த வேலை நடக்காது. அறிஞர் எதைத் தேடுகிறார் என்பது ஓவியருக்குத் தெரிய வேண்டும். ஓவியர் எதைக் கண்டுவிட்டார் என்பதை அறிஞரும் கேட்க வேண்டும். ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் வைட்டின் அருகில் ஓர் ஓவியர் இருந்து வந்ததால்தான் அது கைகூடியது. அந்தப் படங்களின் மூலங்கள் இன்றும் எடின்பர்க் நகரின் அரச தாவரவியல் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன.

கோவிந்தூயா என்ற பெயர் நிலைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்வந்த ஆய்வாளர்கள் அந்த இனத்தை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அறிவியலில் இது வழக்கம்தான். இருந்தாலும், தன் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்தவரின் பெயரை ஒரு பூவில் எழுதிவைக்க வேண்டும் என்று ஓர் அறிஞருக்குத் தோன்றியதே, அது பெரிய விஷயம்.

அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவிலும் இப்படியொரு பணி நடந்தது. 1803 முதல் 1818 வரை மலாக்காவில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார், மலாய்த் தீபகற்பத்தின் மரம், செடி, பறவை, விலங்குகளை வரைந்து தரும்படி சீன ஓவியர்களைப் பணித்தார். 477 நீர்வண்ண ஓவியங்கள் உருவாயின. ரம்புத்தானும் மங்குஸ்தீனும் கையை நீட்டிப் பறித்துக்கொள்ளலாம் போல அவற்றில் இருக்கின்றன. இன்று அவை சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் செல்வம். உலகம் அவற்றை ‘ஃபார்குவார் தொகுப்பு’ என்று அழைக்கிறது. வரைந்தவர்களின் பெயர் ஒன்றுகூட எஞ்சவில்லை. பணம் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது; பழங்களின் பெயர்களும் இருக்கின்றன; தூரிகை பிடித்த கைக்கு மட்டும் பெயர் இல்லை. மலாக்காவையும் வைட்டின் பணியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கலையும் அறிவியலும் சேரும் இடத்தில் எது சரியாக நடக்கலாம், எது தவறாகப் போகலாம் என்ற இரண்டுமே தெரிந்துவிடும்.

இன்றைய உலகம் இந்தக் கூட்டுறவுக்குப் புதிய வடிவம் கொடுத்திருக்கிறது. ஓர் ஆய்வு நிறுவனம், ஓவியர், சிற்பி, இசைக்கலைஞர், நாடகக் கலைஞர் போன்ற ஒருவரைச் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ அழைத்து, தங்க இடமும் உதவித்தொகையும் தந்து, ஆய்வாளர்களோடு பழகவிடுகிறது. இதனைத் ‘தங்குகலைஞர் திட்டம்’ எனலாம். இத்தகைய திட்டங்களுள் பெரும் புகழ் பெற்றது, சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் அமைந்துள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வு மையத்தின் திட்டமாகும். நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் அணுவின் நுண்துகள்களை மோதவிட்டு ஆராயும் மையம் அது.

அந்த மையத்தின் வளாகத்தில் ஆடல்வல்லானின் செப்புத் திருமேனி ஒன்று நிற்பது தமிழர் பலருக்கும் தெரியும். இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கிய அச்சிலை 2004ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. ‘அணு ஆய்வு மையத்தில் நடராசர்’ என்று சொல்லிப் பெருமைப்படாத தமிழ் மேடை இல்லை. பெருமைப்படட்டும், தவறில்லை. ஆனால், கலைப்பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்துவது வேறு. கலைஞர் ஒருவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பது வேறு. செர்ன் இரண்டாவதையும் செய்தது என்பதுதான் அதிகம் பேசப்பட வேண்டிய செய்தி. 2012ஆம் ஆண்டு ஜெர்மனியைச் சேர்ந்த ஜூலியஸ் ஃபோன் பிஸ்மார்க் என்னும் இளம் கலைஞர் அத்திட்டத்தின் முதல் தங்குகலைஞராகச் சென்றார். அவருக்குத் துணையாக ஜேம்ஸ் வெல்ஸ் என்ற கோட்பாட்டு இயற்பியலாளர் அமர்த்தப்பட்டார். அங்கே தங்கியதன் விளைவாகப் பிஸ்மார்க் உருவாக்கிய படைப்பில் நான்கு விளக்குகள் கூரையிலிருந்து தொங்கி வட்டமாகச் சுழலும். ஒரு நேரம் அவை தாறுமாறாகச் சுற்றுவதாகத் தோன்றும். சற்றுப் பொறுத்தால் நான்கும் ஓர் ஒழுங்குக்குள் வந்துவிடும். ஒழுங்கின்மைபோல் தெரிவதற்குள் ஒழுங்கு ஒளிந்திருக்கலாம் என்பது அந்த மையத்தில் அன்றாடம் பேசப்படும் செய்திதான். ஆனால், பாடநூல் தெரியாத ஒருவரும் தலையை அண்ணாந்து பார்த்தே அதனை உணர முடிந்தது.

கலைஞரை ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பதன் பயன் என்ன என்ற கேள்விக்குப் பலர் தரும் பதில், ‘அறிவியலை மக்களுக்கு எளிதாக விளக்கலாம்’ என்பதாகும். இந்தப் பதில் போதாது. விளக்கப்படம் வரையவும் அட்டை வடிவமைக்கவும் ஒருவர் தேவையென்றால், அதற்குரிய கூலியைக் கொடுத்து அந்த வேலையை முடித்துக்கொள்ளலாம். தங்க வைக்க வேண்டியதில்லை. தங்குகலைஞரால் கிடைக்க வேண்டியது இன்னொரு பார்வை. ஒரே பொருளை ஆண்டுக்கணக்கில் பார்ப்பவர்களுக்குச் சில பொருள்கள் கண்ணிலேயே படாமல் போய்விடும். புதிதாக வந்தவர், அதுவும் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர், ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்பார். அக்கேள்வி சில வேளைகளில் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். சில வேளைகளில் அறையே அமைதியாகிவிடும்.

மலேசியாவில் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு சிலாங்கூரின் குவாங் பகுதியில் இருக்கும் ரிம்புன் டாஹான். கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவர்தம் துணைவியார் ஏஞ்சலாவும் உருவாக்கிய இடம் அது. 14 ஏக்கர் நிலத்தில் தென்கிழக்காசிய மண்ணுக்குரிய மரங்களும் செடிகளும் வளர்க்கப்படுகின்றன. 1994ஆம் ஆண்டு முதல் அங்குக் கலைஞர்கள் வந்து தங்கிப் படைத்து வருகின்றனர். அது ஆய்வுக்கூடம் இல்லை. ஆயினும், தாவரங்களின் நடுவே கலைஞரைத் தங்கவைத்தால் அவருடைய வண்ணமும் வடிவமும் மாறும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

குவாங் தலைநகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. செர்டாங் எங்கே இருக்கிறது? பலருக்குச் செர்டாங் என்றதும் சிலாங்கூரில் உள்ள பல்கலைக்கழக நகர்தான் நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கும் செர்டாங். பேராக்கும் பினாங்கும் கைக்கெட்டும் தூரம். சுற்றிலும் செம்பனை, இடையிடையே ரப்பர். வடக்கே கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மேற்கே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. ஆக, ஆய்வும் தொழில்நுட்பமும் செர்டாங்கைச் சூழ்ந்தே இருக்கின்றன. ஆனால், அவற்றுக்கும் தோட்டப்புறத்துப் பிள்ளை கையில் வைத்திருக்கும் வண்ணப்பெட்டிக்கும் தொடர்பு இருப்பதாக எவரும் நினைப்பதில்லை.

தோட்டம் என்றாலே உடலுழைப்பு மட்டும்தான் என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். உண்மையில் தோட்டத்தில் அறிவியல் நிறைந்து கிடக்கிறது. பால்மரம் வெட்டுபவர் உளியை இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழ்நோக்கி ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இழுக்கிறார். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து மேலேறுவதால், அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். பட்டையை மெல்லிய சீவலாக, ஓரிரு மில்லிமீட்டர் கனத்தில் சீவ வேண்டும். ஆழம் கூடினால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்படலம் காயம்பட்டு, அந்த இடத்தில் மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும். விடியலுக்கு முன்னரே வேலையைத் தொடங்குவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்குள் மரத்தின் நீரழுத்தம் உச்சத்தில் இருக்கும். பால் நன்றாக வடிந்து மங்கை நிரப்பும். இவ்வளவையும் கை அறிந்திருக்கிறது, வாய் சொன்னதில்லை. எவரும் கேட்காததால் சொன்னதில்லை. இந்தக் கையின் அசைவை ஓர் ஓவியரோ நடனக் கலைஞரோ ஆறு மாதம் கூடவே இருந்து பதிவு செய்தால், அது ஆய்வு ஆவணமாகவும் இருக்கும், கலையாகவும் இருக்கும். பால்மரம் வெட்டத் தெரிந்த மூத்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வரும் இக்காலத்தில், இதனைத் தள்ளிப்போட இடமில்லை.

செம்பனையின் கதை இன்னும் வியப்பானது. ஒரு காலத்தில் மலேசியத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கையால் மகரந்தம் தூவி வந்தார்கள். காற்றுதான் செம்பனையில் மகரந்தச் சேர்க்கை செய்கிறது, இங்கே அது போதவில்லை என்று நெடுநாள் நம்பப்பட்டது. கேமரூனிலும் மலாயாவிலும் பணிபுரிந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரிக்கு அந்த நம்பிக்கையில் ஐயம் எழுந்தது. கேமரூனில் செம்பனைப் பூக்களை மொய்க்கும் சின்னஞ்சிறு வண்டுகளை அவர் பார்த்திருந்தார். மலாயாவில் அவை இல்லை. பின்னர் ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து, மகரந்தம் சுமப்பது அந்த வண்டே என்று காட்டினார். 1981ஆம் ஆண்டு வண்டுகள் மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப் போனது. ஒரு பெரிய தொழிலையே மாற்றிய அந்தக் கண்டுபிடிப்பு, இரண்டு நாட்டுத் தோட்டங்களில் நின்று உன்னிப்பாகப் பார்த்த ஒருவரின் ஐயத்தில் தொடங்கியது. தங்கிப் பார்ப்பதற்கு இருக்கும் மதிப்பை இதைவிட எப்படிச் சொல்வது?

இனி, கூகையைப் பார்ப்போம். செம்பனைப் பழங்களை எலிகள் கடித்து நாசமாக்குகின்றன. நஞ்சு வைத்தால் எலியோடு சேர்ந்து பிற உயிர்களும் மடியும். ஆகையால், தோட்டங்களில் உயரமான கம்பங்களில் பெட்டிகளைப் பொருத்தி, வெண்முகக் கூகைகளைக் குடியேற்றும் முறை 1980களிலிருந்து மலேசியாவில் பரவியது. குஞ்சுகளோடு இருக்கும் ஓர் இணை ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அறிவியல் நோக்கில் கூகை தோட்டத்தின் காவலாளி. ஆனால், லயத்து வாசலில் நின்று கேட்டால் மறுமொழி வேறாக இருக்கும். ஆந்தை அலறினால் ஆகாது, வீட்டில் சாவு விழும் என்று சொல்லிக் கல்லெடுத்து எறிந்து விரட்டும் வழக்கம் தமிழரிடையே பழையது. மலாய்க்காரரிடமும் சீனரிடமும்கூட இந்தப் பறவைக்கு நல்ல பெயர் இல்லை.

இந்த அச்சத்தைப் புள்ளிவிவரம் போக்காது. ‘ஆயிரம் எலி தின்னும்’ என்று சுவரொட்டி ஒட்டினால் படித்துவிட்டுப் போவார்கள்; இரவில் அலறல் கேட்டதும் பழைய பயம்தான் முந்தும். இங்கேதான் கலைஞருக்கு வேலை இருக்கிறது. பறவையியல் ஆய்வாளரோடு இரவில் தோட்டத்துக்குள் சென்று, கூகை ஓசையின்றிப் பறப்பதைக் கண்டு, அதன் இறகு விளிம்பின் மெல்லிய சீப்புப்பல் போன்ற அமைப்பை வரைந்து, குஞ்சுகள் இரைக்காகச் சீறும் ஒலியைப் பதிந்து, அவற்றையெல்லாம் தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ பள்ளி மண்டபத்திலோ ஒரு நிழற்கூத்தாக நிகழ்த்தினால் என்ன? கெடா மண்ணுக்கு நிழற்கூத்து புதியதன்று. மலாய் வாயாங் கூலிட் இங்கும் வழங்கி வந்த கலைதான். தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தின் நினைவும் அதனோடு சேரும். அலறல் என்று கேட்ட ஒலி, குஞ்சுக்கு இரை கொண்டுவந்த தாயின் குரல் என்று ஒரு பாட்டி சிரித்துச் சொல்லும் நாள் வந்தால், ஆய்வாளரின் பெட்டிகள் மீது கல் விழுவது குறையும். அது ஆய்வுக்கே நேரடி இலாபம்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பள்ளிக்குக் கணினி வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குக் கருவி வேண்டும். இவற்றுக்கு நடுவில் கலைஞருக்கு ஓர் அறை வேண்டுமா? ஆனால், செர்ன் போன்ற மையத்துக்கு ஆகும் செலவை மனத்தில் வைத்துக்கொண்டு செர்டாங்கின் செலவைக் கணக்கிடக் கூடாது. ஓர் அறை, ஒரு மேசை, ஆறு மாதத்துக்கான உதவித்தொகை, தோட்டத்துக்குள் நுழைய நிர்வாகத்தின் அனுமதி, நேரம் ஒதுக்க ஓர் ஆய்வாளர் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். இவற்றுள் கிடைப்பதற்கு அரியது பணம் அன்று, ஆய்வாளரின் நேரம்தான்.

மற்றொரு குறையும் உண்டு. அதனை மறைக்கத் தேவையில்லை. கலையையும் அறிவியலையும் சேர்க்கிறோம் என்று சொல்லி நடந்த முயற்சிகளில் சொதப்பியவை பல. 1966ஆம் ஆண்டு நியூயார்க்கில் 10 கலைஞர்களும் 30க்கு மேற்பட்ட பொறியாளர்களும் சேர்ந்து ஒன்பது இரவுகள் நிகழ்ச்சி நடத்தினார்கள். கருவிகள் பல மேடையில் சொன்னபடி கேட்கவில்லை. விமர்சகர்கள் விளாசித் தள்ளினார்கள். ஆயினும், அந்த ஒன்பது இரவுகளைத் தொடர்ந்து கலைஞர்களையும் பொறியாளர்களையும் இணைக்கும் அமைப்பு ஒன்று வேர்விட்டது. தோல்வி பெரிய ஆபத்தன்று. அதைவிடப் பெரிய ஆபத்து, கலைஞர் ஆய்வுக்கூடத்துச் சொற்களை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு ஒன்றும் புரியாத படைப்பைச் செய்வதும், ஆய்வாளர் அவரை விருந்தினர்போல் ஒருநாள் சுற்றிக்காட்டிவிட்டு மறந்துவிடுவதும்தான். இரண்டையும் தவிர்க்க வழி, போதிய காலம் தருவது. இரண்டு வாரத்தில் யாரும் யாரையும் புரிந்துகொள்வதில்லை.

இந்த விவாதம் பள்ளி மாணவருக்கு ஏன் வேண்டும்? படிவம் மூன்று முடியும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேச்சு எழுகிறது. 2020ஆம் ஆண்டு முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பாகுபாடு நீக்கப்பட்டு, பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. ஏட்டில் பாகுபாடு போய்விட்டது, வீட்டில் போகவில்லை. “படம் வரைந்தால் சோறு கிடைக்குமா, தம்பி?” என்று கேட்கும் மாமாக்கள் இன்னும் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்தில் நெற்றி வியர்வை சிந்தியவர்களுக்குப் பிள்ளையின் சம்பளம் பற்றிய கவலை இருக்கத்தான் செய்யும். ஆனால், உயிரியலையும் காட்சிக் கலையையும் ஒருங்கே விரும்பும் பிள்ளைக்கு, ‘இரண்டில் ஒன்றை விடு’ என்பது மட்டுமே வழி என்று சொல்வது பொய். ரங்கையாவும் கோவிந்துவும் அன்றே அந்தப் பொய்யை உடைத்தவர்கள். மருத்துவ நூல்களுக்கு உடற்கூற்றுப் படம் வரைபவர்கள், அருங்காட்சியகக் காட்சிக்கூடங்களை வடிவமைப்பவர்கள், தரவுகளைக் காட்சியாக மாற்றுபவர்கள் என இன்றும் அப்படி வாழ்பவர்கள் உள்ளனர். செர்டாங் போன்ற ஊரில் ஒரு தங்குகலைஞர் ஆறு மாதம் நடமாடினால், அப்படியொரு மனிதரை அந்த மாமாவும் நேரில் பார்ப்பார். சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது.

அத்திட்டம் செர்டாங்குக்கு வருமாயின், அதற்கு விதிகள் பல வேண்டியதில்லை. கலைஞர் எதை வரைய வேண்டும் என்று ஆய்வாளரோ தோட்ட நிர்வாகமோ கட்டளையிடக் கூடாது. பக்கத்துப் பள்ளி மாணவர்கள் வாரம் ஒருமுறையாவது அந்த அறைக்குள் வந்துபோக வேண்டும். இறுதியில் கண்காட்சி வைக்கும்போது ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் அட்டை இருக்க வேண்டும். அதில் ஓவியரின் பெயரும் ஆய்வாளரின் பெயரும் இருந்தால் மட்டும் போதாது. உளி பிடிக்கும் முறையை அமர்ந்து சொல்லிக்கொடுத்த அக்காவின் பெயரும், கூகைக் கூட்டுக்கு இருட்டில் வழிகாட்டிய அண்ணனின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.